கடலில்லா ஊரின் சமுத்திரம்: பொம்மசந்திராவும் தென்கிழக்கு மைசூர்ப் பீடபூமியின் குடியேற்றமும்

பொம்மசந்திரா என்னும் ஊர்ப்பெயரை முதன்முறை கேட்கும் தமிழர்க்குப் பொம்மையும் சந்திரனும் நினைவில் எழுவது இயல்பு. இரண்டும் அவ்வூர்ப்பெயரோடு தொடர்பற்றவை. முன்னது பிரமன் என்பதன் தற்பவமாகக் கன்னடத்தில் வழங்கும் ‘பொம்ம’ என்னும் ஆட்பெயர். பொம்மண்ணன், பொம்மரசன் முதலியவை அதன்வழிப் பிறந்தவை. பின்னது ‘சமுத்திர’ என்பதன் திரிபு. ஆகவே ஊரின் பெயர் ‘பொம்மனின் கடல்’ என்றே பொருள்படும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கிழக்கிலும் மேற்கிலும் கடலினின்று 250 கிலோமீட்டருக்குக் குறையாத் தொலைவில் அமைந்த ஓர் ஊர்க்குக் கடலின் பெயர் வாய்த்ததெங்ஙனம் என்னும் வினா, அப்பகுதியின் நிலவியலையும் குடியேற்ற வரலாற்றையும் ஒருசேர ஆராய இடந்தருகிறது.

இரு கடல்களுக்கு இடையே

கருநாடகம் கடற்கரை உடைய மாநிலம். கார்வாரிலிருந்து மங்களூருக்குத் தெற்கே வரை அதன் கரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுடையது. ஆயினும் அக்கரை மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அயலானது. கரையினின்று சிறு தொலைவிலேயே சகியமலை செங்குத்தாக எழுகிறது. சராவதி ஆறு சோகு அருவியில் 253 மீட்டர் ஒரே வீழ்ச்சியாக விழுவதைக் கண்டோர், இம்மலைச் சுவரின் கடுமையை உணர்வர். கன்னட மக்கள் தம் நாட்டைக் கரவாளி, மலெநாடு, பயலுசீமெ என மூன்றாகப் பகுத்து வழங்குவதும் இம்மலையை வைத்தே. கரவாளி கடற்கரை, மலெநாடு மலைநாடு, பயலுசீமெ வெட்டவெளியான மேட்டுநிலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பங்கைக் கரவாளியிலும் மலெநாட்டிலும் பொழிந்துவிட்டு, எஞ்சியதையே பயலுசீமைக்குக் கொணர்கிறது. ஆகும்பெயில் ஆண்டுக்கு 7000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை, பெங்களூரை அடையும்போது 1000 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது.

பொம்மசந்திரா இப்பயலுசீமையின் தென்கிழக்குக் கோடியில், பெங்களூர் நகர்ப்புற மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில், ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாட்டு எல்லை. இங்குப் பேராறு எதுவும் இல்லை. பெங்களூர் அமைந்திருப்பது நீர்ப்பிரி மேடு ஒன்றின்மேல். மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் அருக்காவதி வழிக் காவிரியைச் சேரும். கிழக்குச் சரிவின் நீர், நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் தட்சிண பினாகினியை அடையும். தமிழர் தென்பெண்ணை என வழங்கும் ஆறு அதுவே. பொம்மசந்திராப் பகுதியின் நீர் கிழக்கு நோக்கியே வடிகிறது.

நிலத்தின் அடியில் இருப்பது தீபகற்ப நைசுப் பாறை. லால்பாக் பூங்காவில் வெளித்தெரியும் அதன் முகடு ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையதெனக் கணித்துத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளனர். இப்பாறை வெடிப்புகளில் அன்றி நீரைத் தன்னுள் ஏற்பதில்லை. மேலுள்ள செம்மண்ணும் பல இடங்களில் மெல்லிய போர்வையே. ஆதலின் மழைநீரைத் தேக்கினாலன்றி அது சில நாள்களில் சரிவிறங்கிப் போய்விடும். ஆனால் இயற்கை ஓர் ஏந்தும் செய்திருக்கிறது. மேடும் பள்ளமுமாக அலைபோல் கிடக்கும் இந்நிலத்தில் இரு மேடுகளுக்கிடையே ஒரு கரையை எழுப்பினால் பள்ளம் ஏரியாகும். அதன் மிகைநீர் கீழுள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரிகள் சங்கிலியாய் அமைந்ததற்கு மன்னர் எவருடைய திட்டமும் காரணமன்று. நிலத்தின் சாய்வே காரணம்.

‘சந்திரா’ என்னும் ஈறு

சமுத்திர என்னும் சொல் பேச்சில் இடையுகரம் கெட்டுச் ‘சம்த்ர’ என நின்று, மகரம் தன்னை அடுத்த பல்லொலிக்கு இயைய னகரமாகிச் ‘சந்த்ர’ ஆயிற்று. தமிழர் அதனைச் சந்திரா என எழுதுவதால் நிலவின் சாயல் ஏறிவிட்டது. ஒசூர் சாலையிலேயே சிங்கசந்திரா உள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் ஹொங்கசந்திரா, ஜக்கசந்திரா, கம்மசந்திரா, தொம்மசந்திரா ஆகியனவும், நகரின் கிழக்கே திப்பசந்திரா, தேவசந்திரா ஆகியனவும் உள. கோலார் மாவட்டத்திலும் ஒரு கம்மசந்திரா உண்டு. சிங்கன், ஜக்கன், திப்பன், பொம்மன் என முன்னிற்பவை பெரும்பாலும் மாந்தர் பெயர்கள். ஏரி கண்டவன் அல்லது யாருடைய பெயரால் ஏரி கண்டனரோ அவன் பெயர் ஏரிக்கும், ஏரியின் பெயர் ஊருக்கும் சென்றதென்பது இதனால் பெறப்படும்.

ஏரியைக் கடலாகக் கூறுவது புகழ்ச்சி மட்டுமன்று. அது ஒரு மரபு. போசளரின் தலைநகரான தோரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு, தன் அருகிலுள்ள பேரேரியால் பெற்ற பெயரே அது. கடப்பை மாவட்டத்துப் பொருமாமிள்ளையில் 1369ஆம் ஆண்டு விசயநகர இளவரசன் பாஸ்கரன் வெட்டுவித்த ஏரி அனந்தராச சாகரம் எனப்பட்டது. அங்குள்ள கல்வெட்டு ஏரிக்கு இன்றியமையாத உறுப்புகள் பன்னிரண்டு, குற்றங்கள் ஆறு எனத் தொகுத்துக் கூறுவதுடன், ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டாண்டு உழைத்த செய்தியையும் தருகிறது. பெங்களூர்க் கோட்டையையும் பேட்டையையும் 1537இல் நிறுவிய கெம்பேகவுடர் மரபினரின் ஏரிகள் தர்மாம்புதி, கெம்பாம்புதி எனப் பெயர் பெற்றன. அம்புதி என்பதும் கடலே. தமிழகத்திலும் அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என இவ்வீறு பயில்கிறது. எனினும் அவை பொருநை போன்ற ஆற்றை அண்டிய வளநிலங்களில் அமைந்தவை. ஆறே இல்லாத மேட்டில் ‘சமுத்திரம்’ பெறும் அழுத்தம் வேறு.

நீர்நிலைச் சொற்களில் தமிழும் கன்னடமும் கொண்டுள்ள உறவு இவ்விடத்து எண்ணத்தக்கது. தமிழில் ஏரி என்பது நீர்நிலை. கன்னடத்தில் ‘ஏரி’ என்பது அந்நீர்நிலையின் கரை. நீர்நிலையைக் கன்னடர் ‘கெரெ’ என்பர். அதன் பழைய வடிவம் வல்லின றகரம் பெற்ற ‘கெறெ’. ஓசையால் ஈர்க்கப்பட்டு இதனைத் தமிழ்க் ‘கரை’யோடு இணைப்போர் உளர், அது பொருந்தாது. கெறெயின் தமிழ் இனச்சொல் ‘சிறை’, அதாவது நீரைத் தடுத்து நிறுத்துவது. தமிழில் ககரம் சகரமாகிய இடத்தில் கன்னடம் பழைய ககரத்தைப் பேணியது. மதகைக் குறிக்கும் கன்னடத் ‘தூபு’ தமிழ்த் தூம்பே. மிகைநீர் வழியும் இடத்தைக் கன்னடர் ‘கோடி’ என்பர். வடதமிழகத்து உழவரும் ஏரி நிரம்பினால் ‘கோடி போகிறது’ என்றே கூறுவர். பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடியின் ஈற்றில் இச்சொல்லே நிற்பதாகக் கொள்ள இடமுண்டு.

பெம்பூர்ப் பன்னிரண்டு

சமுத்திர ஈறுடைய ஊர்கள் எக்காலத்தில் எழுந்தன? இதற்கு நேர்ச்சான்று அரிது. ஆயினும் ஒப்பிட்டு நோக்க ஓர் ஆவணம் உண்டு. பொம்மசந்திராவுக்கு வடமேற்கே சிறு தொலைவில் உள்ள பேகூர், கங்கர் காலத்தில் பெம்பூர் எனப்பட்டது. அங்குள்ள நாகேசுவரர் கோயிலின் நடுகற்களுள் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்தது, பெங்களூர்ப் போரில் பூட்டண செட்டி மடிந்ததைக் கூறுகிறது. பெங்களூர் என்னும் பெயர் காணப்படும் மிகப் பழைய ஆவணம் அதுவே. வெந்த அவரை தந்த மூதாட்டியிடமிருந்து ஊர் பெயர் பெற்றதென்னும் கதை, போசள மன்னன் ஒருவனைச் சுட்டி அப்பெயரைப் பிற்காலத்திற்குத் தள்ளுவது. அக்கதையை இவ்வொரு கல்லே மறுத்துவிடுகிறது.

பேகூரில் கிடைத்த மற்றொரு கங்கர் காலக் கல், போர்க்களக் காட்சி செதுக்கப்பெற்றது. எறெயப்ப மன்னனுக்காக நாகத்தரன் என்பான் பொருது வீழ்ந்ததையும், அதன்பின் பெம்பூரைத் தலைமையாகக் கொண்ட பன்னிரண்டு சிற்றூர்கள் வழங்கப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. ஊர்கள் பெயர் கூறப்படுகின்றன. தோவகூரு, நல்லூரு, இக்கலூரு, எல்குண்டெ, கூடலெ என்பன அவற்றுட் சில. தோவகூரு இன்றைய தொகூர். இக்கலூரு சந்தாபுரத்தை அடுத்த இக்கலூர் எனப் பெயரொப்புமை கொண்டு கருதலாம். ஊர் என்னும் ஈறு மிகுதி. மங்கலம் உண்டு. நீர்நிலையைச் சுட்டும் ஈறு ‘குண்டெ’, அதாவது குட்டை. சமுத்திரம் என முடியும் ஊர் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு பெயர்களைக் கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றை முடிவு கட்டல் ஆகாது. ஆயினும் குட்டையிலிருந்து சமுத்திரத்திற்குச் சென்ற பெயர்மாற்றம் ஒரு பொருள்மாற்றத்தைக் காட்டுவதாகவே தோன்றுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்தோர் காடு திருத்திய மேய்ச்சல் நிலங்களையும் சிறு குட்டைகளையும் நம்பிய போர்க்குடிகள். அவர்கள் நட்ட நடுகற்களில் ஆநிரை மீட்டல் மிகுதியாகப் பேசப்படுவது இதற்கு இயையும். நெல் விளைவிக்கும் நன்செயும் அதற்கு வேண்டிய நெடுங்கரை ஏரியும் பெருகியது அதன் பின்னரே. புதிய ஏரியின் கீழ் எழுந்த புதிய குடியிருப்பே சமுத்திரப் பெயரைத் தாங்கிற்று. பழைய ஊர்கள் தம் பழைய பெயரைக் கைவிடவில்லை. பேகூரும் தொகூரும் இன்றும் ஊர் என்றே முடிகின்றன. ஆதலின் ஓர் ஊரின் ஈறு அதன் குடியேற்ற அடுக்கைக் காட்டும் குறியாகப் பயன்படும்.

தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரி

ஏறத்தாழ கி.பி. 1004இல் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றியதும் கங்கர் ஆட்சி முடிந்தது. கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம் ஆயிற்று. ஏறத்தாழ 1116இல் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். சோழர் போயினர், ஆனால் தமிழ்க் கல்வெட்டுகள் போகவில்லை. பெங்களூரின் கிழக்கிலும் கோலாரிலும் அதற்குப் பின்னரும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அரசனின் ஆணைமொழியாக மட்டும் தமிழ் வந்திருந்தால் அரசனோடு அது அகன்றிருக்கும். நிலமுடையோரும் வணிகரும் கோயிலாரும் தமிழ் எழுதுவோராய் அங்குத் தங்கிவிட்டமையே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

ஒசூர் சாலையை ஒட்டிய மடிவாளத்துச் சோமேசுவரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. வேப்பூரைச் சார்ந்த ஒருவர் வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாக அளித்த செய்தி அதில் வருகிறது. வேப்பூர் என்பது பேகூர், வெங்காலூர் பெங்களூர். கெம்பேகவுடருக்கு ஏறத்தாழ 290 ஆண்டுகட்கு முன்னரே பெங்களூருக்கு ஒரு ‘பெரிய ஏரி’ இருந்ததும், அதன்கீழ்ப் பாசன நிலம் இருந்ததும், பக்கத்து ஊரார் அந்நிலத்தில் உரிமை பெற்றிருந்ததும் இவ்வொரு வரியால் விளங்குகின்றன. அதே கோயிலில் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கொடை ஒன்று தாமரைக்கிரையைக் குறிக்கிறது. அது இன்றைய தாவரெகெரெ. கல்லில் பொறித்தவர் கன்னடத் ‘தாவரெ’யைத் தாமரை எனத் தமிழாக்கினார், ‘கெரெ’யை ஏரி என மாற்றவில்லை, தமிழ் ஓசைக்கு ஏற்பக் கிரை என்றாக்கினார். இரு மொழியும் அறிந்த ஒருவரின் கைப்பழக்கம் இது. தொம்பலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள. எலகங்கெ நாட்டை அவை இலைப்பாக்க நாடு என வழங்குகின்றன.

இக்கல்வெட்டுகளைப் பெங்களூர் மாவட்டத்துக்குரிய தம் கருநாடகக் கல்வெட்டுத் தொகுதியில் பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்டார். அதன்பின்னரும் பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய தண்டுப் பகுதியிலிருந்தே தொடங்குவோர் பலர். மறுபுறம், இவற்றைக் காட்டி இம்மண் எம்முடையது என வழக்காடுவோரும் உளர். கல்வெட்டுகள் இவ்விரு சாராருக்கும் துணைநிற்பனவல்ல. கன்னட நடுகல்லில் பெம்பூராக இருந்த ஊர் தமிழ்க் கல்லில் வேப்பூராக இருக்கிறது; இரண்டிலும் மக்கள் பெரிதும் பேசுவது ஊரையும் நிலத்தையும் நீரையும் பற்றியே. மொரசு ஒக்கலிகர் காஞ்சிப் பகுதியிலிருந்து ஆவதிக்கு வந்தவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. அம்மரபில் தோன்றிய கெம்பேகவுடரே கன்னட நகரின் நிறுவனர். தோட்டப் பயிரில் வல்ல திகளர் தமிழ் வேர் உடையவர். பெங்களூரின் கரகத் திருவிழா அவர்களுடையது. ஏரிநீர் பாயும் தோட்டங்களின்றி அவர்களது தொழில் இல்லை.

ஏரியைக் கட்டியோர்க்கும் காப்போர்க்கும் நிலம் விடும் முறை இரு நாட்டிலும் இருந்தது. கன்னடக் கல்வெட்டுகளில் அது பிட்டுவட்டம், கட்டுக்கொடகெ எனப்படும், தமிழில் ஏரிப்பட்டி. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியம் புகழ்பெற்றது. பயலுசீமையில் அத்தகைய எழுதப்பட்ட வாரிய விதிகளைக் காட்டிலும், மடை திறந்து முறைவைத்து நீர்விடும் ‘நீருகண்டி’ என்னும் ஊர்ப் பணியாளரே காணப்படுகிறார். கட்டுமானத்தின் விலை நிலத்தோடு நிற்கவில்லை. ‘கெரெகெ ஹார’ என்னும் கன்னட நாட்டுப்பாடலில், வெட்டிய ஏரியில் நீர் ஊறாமையால் ஊர்த்தலைவரின் இளைய மருமகள் பாகீரதி பலியாகிறாள். அது வரலாறு அன்று; எனினும் நீர் நில்லாத ஏரி ஓர் ஊருக்கு எத்துணை அச்சம் தந்தது என்பதை எக்கல்வெட்டும் இவ்வாறு கூறவில்லை.

ஆனேக்கல் வட்டாரம் பின்னர்ச் சுகட்டூர்ப் பாளையக்காரர் வசமாகி, ஐதர் காலத்தில் மைசூருடன் இணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி, புதிய ஏரி ஒன்றுக்கு இடம் காண்பதே அருமை என்னும் அளவுக்கு இந்நாட்டில் நீர்த்தேக்கம் நிறைவு பெற்றிருந்ததாக 1866இல் குறித்தார். குடியேற்றம் நிலத்தின் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஏரி நீங்கிய பெயர்

நகரம் ஏரியை நம்புவதைக் கைவிட்டது 1894இல். அவ்வாண்டு அருக்காவதியின் ஹெசரகட்டத்திலிருந்து குழாய்நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அமைந்தது. 1974 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் காவிரி நீர் கொணரப்படுகிறது. மேட்டின்மேல் விழும் மழையைத் தேக்கி வாழ்ந்த ஊர், மேட்டின் அடியிலிருந்து நீரை ஏற்றி வாழும் ஊராயிற்று. தேவையற்றுப்போன ஏரிகள் நிலமாயின. தர்மாம்புதி கெம்பேகவுடர் பேருந்து நிலையம் ஆயிற்று. சம்பங்கி ஏரியில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது.

ஆனேக்கல் பக்கம் இம்மாற்றம் தாமதமாக வந்தது, வந்தபின் விரைந்தது. 1978இல் கோனப்பன அக்கிரகாரம், தொட்டதொகூர் ஆகிய ஊர்களின் நிலத்தில் மின்னணு நகர் தொடங்கியது. பெம்பூர்ப் பன்னிரண்டுள் ஒன்றான தோவகூரு இவ்வாறு மீண்டும் ஆவணத்தில் இடம்பெற்றது. கருநாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் இயந்திர உறுப்பு, மருந்து, வேதிப்பொருள் ஆலைகள் பெருகின. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும், பின்னர் வட, கீழ் மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். 2025 ஆகஸ்டில் இராஷ்ட்ரீய வித்யாலய சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் மெட்ரோ இரயில் வழி திறக்கப்பட்டது. இக்குடியேற்றம் முந்தையவற்றினின்று ஒரு வகையில் வேறுபட்டது. வந்தோர்க்கு ஊரின் ஏரியோடு எவ்விதப் பிணைப்பும் தேவைப்படவில்லை. அவர்கள் பருகுவது ஆழ்துளைக் கிணற்று நீரும் வண்டிநீருமே. நைசுப் பாறையின் வெடிப்புகளில் தங்கிய அந்நீரும் அளவுக்குட்பட்டது என்பதை 2024ஆம் ஆண்டுக் கோடை காட்டியது.

ஏரிகள் முற்றும் மறைந்துவிடவில்லை. ஹெப்பகோடி ஏரி தனியார் அறக்கட்டளை ஒன்றால் அண்மையில் சீர்செய்யப்பட்டது. பக்கத்துச் சந்தாபுர ஏரியின் நிலை வேறு. ஆலைக்கழிவும் வீட்டுக்கழிவும் கலந்து அது கெட்டமை குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, 2022 அக்டோபரில் கருநாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆணையிட்டது. ஏரியின் குற்றங்களை ஆறெனத் தொகுத்த பொருமாமிள்ளைக் கல்வெட்டில் இக்குற்றம் இல்லை. 1369இல் அதனை எண்ணிப் பார்க்க எவராலும் இயன்றிராது.

சங்கிலி இன்னும் அறுபடவில்லை. இவ்வேரிகளின் மிகைநீர் பழைய கோடிகளின் வழியே கிழக்கு நோக்கி இறங்கித் தட்சிண பினாகினியின் வடிநிலத்தைச் சேர்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீரும் அவ்வாற்றிலேயே கலக்கிறது. எல்லையைக் கடந்ததும் ஒசூர்க் கெலவரப்பள்ளி அணை அதனைத் தேக்குகிறது. அண்மை ஆண்டுகளில் அவ்வணையின் மதகுகளுக்குக் கீழே ஆறு வெண்ணுரையாய்ப் பொங்கிச் செல்வதைக் கரையோர உழவர் கண்டுவருகின்றனர். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூருக்கு அருகே அந்நீர் கடலை அடைகிறது.